பதினோரு ஜன்னலுக்கும் ஒரே ரக பிளைண்ட்ஸ் வேண்டுமா?

கோவை வடவள்ளியில் புது வீடு கட்டி முடித்திருக்கிறீர்கள். தை மாதம் கிரகப்பிரவேசம். மொத்தம் பதினோரு ஜன்னல். கடைக்காரர் எல்லாவற்றுக்கும் ஜீப்ரா பிளைண்ட்ஸ் போட்டுவிடலாம் என்று ஒரு பெரிய தொகையைச் சொல்லியிருக்கிறார். ஜீப்ரா நல்லதா, ரோலர் நல்லதா என்பது நீங்கள் கேட்டது. (இரண்டுமே உருளையில் சுருண்டு ஏறி இறங்கும் ஜன்னல் மறைப்புகள். ரோலரில் ஒற்றைத் துணி, ஜீப்ராவில் பட்டை பட்டையான இரட்டைத் துணி.) ஆனால் கேள்வியின் கடைசியில் இரண்டு விஷயங்களைச் சேர்த்திருக்கிறீர்கள்: மாடியில் மேற்குப் பார்த்த படுக்கையறை சித்திரையில் பூச்சு வேலை நடந்தபோதே சாயங்காலம் நிற்க முடியாத அளவுக்குக் காய்ந்தது, சாதாரண ஸ்கிரீன் துணியே, அதாவது கம்பியில் தொங்கும் துணித் திரையே போதும் என்று அம்மா சொல்கிறார். எனக்கு அந்த இரண்டு வரிகள்தான் உண்மையான கேள்வியாகத் தெரிகின்றன. வெயிலைத் தடுக்க எது வேண்டும், காற்று வர எது வேண்டும், எந்த ஜன்னலுக்கு ஒன்றுமே வேண்டாம். இதற்கு விடை தெரிந்துவிட்டால் ரகம் தானாக முடிவாகிவிடும்.

கோவை, திருப்பூர், பொள்ளாச்சி பக்கம் பதினேழு வருடமாக ஜன்னல் அளவெடுத்து பிளைண்ட்ஸும் கர்ட்டனும் மாட்டுகிறேன். என் சாப்பாடே இதில்தான். அப்படியிருந்தும் பதினோரு ஜன்னலுக்கும் வாங்குங்கள் என்று என்னால் சொல்ல முடியாது. உங்கள் வீட்டை நான் பார்த்ததில்லை, அதனால் ஜன்னல் ஜன்னலாக முடிவு சொல்லவும் முடியாது. எப்படிப் பார்த்து முடிவெடுப்பது என்று சொல்கிறேன்.

முதலில் வெயில். கோவை ஏறக்குறைய 11 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. மார்கழி நண்பகலில் சூரியன் தெற்கே சாய்ந்து சுமார் 55 டிகிரி உயரத்தில் நிற்கும். தெற்கு ஜன்னலுக்கு மேலே இரண்டடி சன்ஷேடு இருந்தால் அந்த நேரத்தில் அதன் நிழல் கிட்டத்தட்ட மூன்றடி இறங்கும். நான்கடி ஜன்னலில் முக்கால் பங்கு மறைந்துவிடும். சித்திரை, வைகாசியிலோ நண்பகல் சூரியன் உச்சியிலோ சற்று வடக்கிலோ இருப்பதால் தெற்கு ஜன்னலுக்குள் உச்சி வெயில் நுழைவதில்லை. வடக்கு ஜன்னலுக்கு ஆனி மாதத்தையொட்டி காலையிலும் மாலையிலும் கொஞ்சம் சாய்வு வெயில் வரும், அவ்வளவுதான். ஆகவே தெற்கும் வடக்கும் வெயிலுக்காகச் செலவு செய்ய வேண்டிய திசைகள் அல்ல. மேற்கு அப்படியில்லை. சித்திரை மாதம் சாயங்காலம் ஐந்து மணிக்கு சூரியன் சுமார் 20 டிகிரி உயரத்துக்கு இறங்கிவிடும். அப்போது அதே இரண்டடி சன்ஷேடு தரும் நிழல் முக்கால் அடிதான். மிச்சமுள்ள கண்ணாடி முழுக்க வெயில். சன்ஷேடை மூன்றடி ஆக்கினாலும் பெரிய வித்தியாசம் வராது. கிழக்கிலும் காலையில் இதே கதைதான், ஆனால் ராத்திரி குளிர்ந்த அறைக்குள் வரும் காலை வெயில் அந்தளவு வாட்டாது.

அறைக்குள் தொங்கும் எந்த பிளைண்ட்ஸும் வெப்பத்தை ஓரளவுதான் குறைக்கும். இதில் எனக்குச் சந்தேகமில்லை. சாதாரண ஒற்றைக் கண்ணாடி, மேலே விழும் வெயிலின் வெப்பத்தில் ஐந்தில் நான்கு பங்கை உள்ளே விட்டுவிடும். அந்த வெயில் உங்கள் பிளைண்ட்ஸ் துணியில் படும்போதே வீட்டுக்குள் வந்தாயிற்று. துணி வெள்ளையாக இருந்தால் ஒரு பகுதியைக் கண்ணாடி வழியாகவே திருப்பி அனுப்பும். கறுப்போ காப்பி நிறமோ என்றால் வெயிலைக் குடித்துச் சூடாகி, அந்தச் சூட்டை அறைக்குள் விடும். அதனால் மேற்கு ஜன்னலுக்கு எந்த ரகம் வாங்கினாலும் கண்ணாடியைப் பார்க்கும் பக்கம் வெள்ளையாக இருக்கட்டும். உள்பக்கம் எந்த நிறம் என்பது உங்கள் விருப்பம். பின்பக்கம் வெள்ளைப் பூச்சு உள்ள, வெளிச்சத்தை முழுக்க மறைக்கும் பிளாக்அவுட் துணிகள் தாராளமாகக் கிடைக்கின்றன. "ஏசி பில் பாதியாகிவிடும்" என்பது போன்ற கணக்கைக் கடையில் யாராவது சொன்னால் அதை நம்பிப் பணம் கட்டாதீர்கள். அறையின் அளவு, கண்ணாடியின் அளவு, கூரை, ஏசி ஓடும் நேரம் எல்லாம் சேர்ந்து முடிவு செய்கிற ஒன்றைத் துணியை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

வெயிலைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்தினால்தான் பலன் பெரிது. நம் தாத்தா காலத்துத் திண்ணையில் தொங்கிய மூங்கில் தட்டி இந்த வேலையைத்தான் செய்தது. உங்கள் மாடி அறைக்கு வெளியே பால்கனியோ அகலமான சன்ஷேடோ இருந்தால், அதன் விளிம்பில் மூங்கில் தட்டியோ, வெளியில் போடுவதற்கென்றே வரும் பிவிசி பூசிய வலைத்துணியோ கட்டலாம். உள்ளே விலை உயர்ந்த ஜீப்ரா போடுவதைவிட அது அறையைக் குளிர்ச்சியாக வைக்கும் என்று உறுதியாகச் சொல்வேன். மூங்கில் மழையில் நனைந்து நனைந்து சில வருடங்களில் உளுத்துப் போகும், மாற்ற வேண்டும். தட்டியின் அடிப்பக்கத்தைக் கட்டாயம் இழுத்துக் கட்ட வேண்டும். இல்லையென்றால் காற்று அதைத் தூக்கி அடிக்கும். இன்னொன்றும் உண்டு: ராத்திரி பத்து மணிக்கும் அந்த அறை காய்ந்தால் அதற்குக் காரணம் ஜன்னல் அல்ல. பகலெல்லாம் வெயில் குடித்த மொட்டை மாடி கான்கிரீட்டும் மேற்குச் சுவரும்தான் அப்போது சூட்டைக் கக்குகின்றன. அதற்கு மாடியில் வெள்ளை கூலிங் டைல்ஸோ, வெயிலைத் திருப்பும் பெயின்ட்டோ போட வேண்டும். பிளைண்ட்ஸுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கை அங்கே செலவு செய்வது நல்லது.

இனி காற்று. கோவைக்காரர்களுக்கு இது தனிச் சிக்கல். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குப் பருவக்காற்று மேற்கிலிருந்துதான் அடிக்கிறது. அதாவது சித்திரையில் நீங்கள் அடைத்து வைக்க விரும்பும் அதே மேற்கு ஜன்னல், ஆடியில் வீட்டுக்கே காற்றுத் தருகிற ஜன்னல். ரோலர், ஜீப்ரா இரண்டுமே மூடிய ஜன்னலுக்காகச் செய்யப்பட்டவை. ஜன்னலைத் திறந்து வைத்து ரோலரை இறக்கினால் அது பாய்மரம் போல உப்பும், அப்புறம் கிரில்லில் போய் அடிக்கும். அடியில் இருக்கும் அலுமினியப் பட்டை ராத்திரி முழுக்க டொக் டொக் என்று தட்டும். ஜீப்ராவில் துணி இரண்டு அடுக்கு என்பதால் காற்றில் அடுக்குகள் விலகி, பட்டைகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகும். துணித் திரையோ காற்றில் ஆடும், ஒதுங்கும், சத்தம் போடாது. பண்டிகைக்கு முன்னால் கழற்றித் துவைத்துக்கொள்ளலாம். உங்கள் அம்மா சொன்னதில் இந்த அனுபவம் இருக்கிறது. பழைய சிக்கனம் என்று அதைத் தள்ளிவிடாதீர்கள்.

நான் பார்க்கும் முறை எளிது. ஒவ்வொரு ஜன்னலாகப் போய் நின்று, இது பெரும்பாலும் திறந்திருக்குமா மூடியிருக்குமா என்று கேட்பேன். ஏசி ஓடும் அறை, தெருத்தூசி வரும் பக்கம், கணினியில் வேலை செய்யும் அறை இவை மூடியிருக்கும் ஜன்னல்கள், பிளைண்ட்ஸ் பொருந்தும். ஹாலில் காற்றுக்காகத் திறந்து வைப்பது, அம்மாவின் அறை, மாடிப்படி பக்கம் இவையெல்லாம் திறந்திருக்கும் ஜன்னல்கள், துணி பொருந்தும். இரண்டும் வேண்டும் என்கிற மேற்குப் படுக்கையறைக்கு, கண்ணாடியை ஒட்டி வெள்ளை முதுகுள்ள ரோலர் ஒன்று, அதற்கு முன்னால் கம்பியில் துணித் திரை ஒன்று. பகலில் ஜன்னலை மூடி ரோலரை இறக்கிவிடலாம். ஆறரைக்கு மேல் ரோலரை முழுக்கச் சுருட்டிவிட்டு ஜன்னலைத் திறந்தால் திரை மட்டும் காற்றில் ஆடும். இதற்கு ஜீப்ராவைவிடச் செலவு அதிகம் என்று கேட்காமலே முடிவு செய்ய வேண்டாம். கடையில் இரண்டையும் தனித்தனியாக விலை கேட்டுப் பாருங்கள்.

ஜீப்ரா மோசமான பொருள் என்று சொல்லவில்லை. வெளிச்சம் விடும் பட்டையும் மறைக்கும் பட்டையும் மாறி மாறி இருப்பதால், சங்கிலியை ஒரு இழுப்பு இழுத்தாலே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க முடிகிறது. தெருவைப் பார்த்த, எப்போதும் மூடியே இருக்கும் ஹால் ஜன்னலுக்கு அது அழகாக இருக்கும். ஆனால் முழுசாக மூடினாலும் பட்டைகள் சேரும் இடத்தில் வெளிச்சம் கசியும். பகலில் தூங்க வேண்டிய நைட் ஷிப்ட்காரர்களுக்கும் கைக்குழந்தை உள்ள அறைக்கும் அது ஆகாது. இரண்டு அடுக்குக்கும் நடுவே தூசி போனாலோ பல்லி எச்சம் விழுந்தாலோ சுத்தம் செய்வது சிரமம். ஜீப்ரா வாங்கியவர்களிடமிருந்து எனக்கு வரும் புகார்களில் பாதி பல்லியைப் பற்றியதுதான்.

ரோலரில் சன்ஸ்கிரீன் துணி என்று ஒரு ரகம் உண்டு, அம்மா சொன்ன ஸ்கிரீன் இது அல்ல. பொடித்துளை வலை போல இருக்கும். பகலில் உள்ளிருந்து வெளியே தெரியும், வெளியிலிருந்து உள்ளே தெரியாது. மருதமலை தெரிகிற ஜன்னல் உங்கள் வீட்டில் இருந்தால் இது அருமையான தேர்வு. ஆனால் இதை வாங்குகிற பலருக்கும் யாரும் சொல்லாத விஷயம், ராத்திரி லைட் போட்டதும் இது தலைகீழாக மாறும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அறை தெரியும். படுக்கையறையிலும் உடை மாற்றும் அறையிலும் இதை மட்டும் போடவே கூடாது. கடையிலிருந்து உள்ளங்கை அளவு துணித் துண்டை வாங்கி வந்து, ராத்திரி ஜன்னலில் ஒட்டிவிட்டு, வெளியே போய் நின்று நீங்களே பாருங்கள். துண்டு தர மறுக்கிற கடையில் வாங்க வேண்டாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சமையலறை ஜன்னலில் துணி எதுவும் வேண்டாம். தாளிப்பில் எழும் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் சேர்ந்து துணியில் ஏறினால் போகாது, அடுப்புக்குப் பக்கத்தில் ஆபத்தும்கூட. மறைப்பு வேண்டுமென்றால் கண்ணாடியின் கீழ்ப்பாதிக்கு ஃப்ராஸ்டட் ஸ்டிக்கர் ஒட்டலாம், இல்லையென்றால் கிடையான பட்டைகளால் ஆன, துடைக்கக்கூடிய அலுமினிய வெனிஷியன் பிளைண்ட்ஸ். பாத்ரூம் வென்டிலேட்டருக்கும் ஸ்டிக்கரே போதும். பூஜை அறையில் விளக்கு எரியும் உயரத்தில் எந்தத் துணியும் தொங்கக் கூடாது. பால்கனிக்குப் போகும் சறுக்குக் கதவுக்கு ரோலர் போட்டால், ஒவ்வொரு தடவை வெளியே போகும்போதும் முழுக்கத் தூக்க வேண்டும். குனிந்து நுழைந்து நுழைந்து சில மாதங்களில் துணி மடங்கிவிடும். பக்கவாட்டில் திறக்கும் கதவுக்குப் பக்கவாட்டில் ஒதுங்கும் திரையே சரி. மடிப்பு மடிப்பாக மேலே ஏறும் ரோமன் பிளைண்ட்ஸ் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் அதன் மடிப்புகள் தூசி வாங்கும். மரப்பட்டை வெனிஷியனை ஒவ்வொரு பட்டையாகத் துடைக்க ஆள் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

அளவு விஷயத்தில் நீங்களே டேப் பிடிக்க வேண்டாம், விற்பவரையே எடுக்கச் சொல்லுங்கள். அளவு தப்பினால் அவர் பொறுப்பு என்று பில்லில் எழுதி வாங்குங்கள். பக்கத்தில் நின்று அவர் எப்படி எடுக்கிறார் என்று மட்டும் பாருங்கள். ஜன்னல் பதிந்திருக்கும் குழிக்குள்ளேயே மாட்டுவதானால் அகலத்தை மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில் எடுத்து, சின்ன அளவைத்தான் எழுத வேண்டும். நம் ஊர்ப் பூச்சு வேலையில் மூன்றும் ஒன்றாக வருவது அபூர்வம். தொழிலுக்கு வந்த புதிதில் பொள்ளாச்சியில் ஒரு வீட்டில் நடு அளவை மட்டும் எடுத்தேன். மேலே கால் அங்குலம் குறைவு. நான்கு பிளைண்ட்ஸ் உள்ளே ஏறவில்லை. நான்கையும் என் செலவில் திரும்பச் செய்து கொடுத்தேன். அன்றிலிருந்து மூன்று இடம் அளக்காமல் ஜன்னலை விட்டு நகர்வதில்லை.

குழிக்குள் மாட்டும் ரோலரில் இன்னொரு குறை உண்டு. இரண்டு பக்கமும் பிராக்கெட்டுக்கு இடம் விட வேண்டியிருப்பதால், துணியின் அகலம் மொத்த அகலத்தைவிட ஒன்றேகால் அங்குலத்துக்கு மேல் குறையும். அந்த இடுக்கு வழியாகக் காலையில் கோடு போட்டது போல வெளிச்சம் வரும். பிளாக்அவுட் துணி வாங்கியும் அறை இருட்டாகவில்லை என்று வருத்தப்படுபவர்கள் பெரும்பாலும் இப்படி மாட்டியவர்கள்தான். நல்ல இருட்டு வேண்டிய அறையில் குழிக்குள் மாட்டாமல் அறைக்குள் உள்ள சுவரில், பக்கத்துக்கு மூன்று நான்கு அங்குலம் கூடுதலாக மாட்டச் சொல்லுங்கள். யுபிவிசி ஜன்னலின் கைப்பிடி உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். சாதாரணமாக மாட்டினால் துணி அதில் உரசும். துணி உருளையின் முன்பக்கமாக இறங்கும்படி திருப்பி மாட்டலாம், கடையில் 'ரிவர்ஸ் ரோல்' என்று சொன்னால் புரியும். உள்பக்கம் கிரில் உள்ள ஜன்னலென்றால் குழிக்குள் இடமே இருக்காது, சுவரில்தான் மாட்ட வேண்டியிருக்கும். ஆறேழு அடி அகலமுள்ள ஜன்னலுக்கு ஒரே ரோலர் போடுவதைவிட இரண்டாகப் பிரிப்பது நல்லது. நீளமான உருளை நடுவில் லேசாகத் தொய்ந்தால் துணியில் சுருக்கம் விழும்.

துளை போடும் முன் மின்வேலை செய்தவரிடம், ஜன்னலுக்கு மேலே ஒயர் பைப் எங்கே போகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பூசுவதற்கு முன் எடுத்த போட்டோ இருந்தால் அதைப் போல உதவுவது எதுவும் இல்லை. ஜன்னலுக்கு மேலே லிண்டல் கான்கிரீட் இருப்பதால் ஹாமர் டிரில் வேண்டும். கம்பியில் பட்டால் அரை அங்குலம் தள்ளிப் போடலாம். சுவர் இலகுவான ஏஏசி பிளாக் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அதற்கு ஸ்க்ரூ பிடிக்கும் பிளக் வேறு. ஃபால்ஸ் சீலிங்கில் மாட்டுவதானால் ஜிப்சம் பலகை எடை தாங்காது. அந்த இடத்தில் உள்ளே பிளைவுட் வைத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். மோட்டார் வைத்த பிளைண்ட்ஸ் உங்களுக்கு இப்போது தேவையென்று நான் நினைக்கவில்லை. கை எட்டாத மாடிப்படி ஜன்னல் ஒன்றுக்கு வேண்டுமானால் பேட்டரியில் ஓடுவதைப் பாருங்கள். ஒயருக்காக முடிந்த பூச்சை உடைக்க வேண்டாம்.

வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தாலும் இல்லாவிட்டாலும், கிரகப்பிரவேசத்துக்குக் குழந்தைகள் வருவார்கள், அதனால் சொல்கிறேன். வளையமாகத் தொங்கும் சங்கிலியும் கயிறும் குழந்தையின் கழுத்தில் மாட்டிக்கொள்ளும். அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்குச் சராசரியாக ஒன்பது சிறு குழந்தைகள் இப்படி இறப்பதாக அந்த நாட்டு நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் சொல்லியிருக்கிறது. 2024 ஜூன் முதல் அங்கே கயிறுகளுக்குக் கடுமையான தரநிர்ணயம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஐரோப்பிய விதிப்படி கயிற்றின் வளையம் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்துக்குக் கீழே வரக் கூடாது. சங்கிலியைச் சுவரோடு இறுக்கிப் பிடிக்கும் கிளிப்பும் வேண்டும். அந்த கிளிப் சின்ன பிளாஸ்டிக் துண்டுதான், பெட்டியிலேயே வரும். மாட்ட வரும் பையன்கள் அவசரத்தில் அதைப் பெட்டியோடு எறிந்துவிடுவதை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். அதை மாட்டாமல் அவர்களை அனுப்பாதீர்கள். கட்டிலையும் தொட்டிலையும் அந்த ஜன்னலுக்கு அடியில் போடாதீர்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, சதுர அடி விலையை மட்டும் கேட்டால் போதாது. பல கடைகளில் சின்ன ஜன்னலுக்கும் குறைந்தபட்சம் இத்தனை சதுர அடி என்று கணக்கிட்டுத்தான் பில் போடுவார்கள். உங்கள் பட்டியலில் இரண்டடிக்கு இரண்டடி வென்டிலேட்டர்கள் இருந்தால் தொகை ஏறியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஜன்னல் வாரியாகப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். துணிக்கு எத்தனை வருட வாரண்டி, சங்கிலி சுற்றும் கிளட்ச்சுக்கு எத்தனை என்று தனித்தனியாகக் கேளுங்கள்; முதலில் போவது கிளட்ச்தான், துணி அல்ல. சங்கிலியைப் பக்கவாட்டில் இழுக்காமல் நேர்கீழே இழுக்க வீட்டில் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தால் அதுவும் நெடுநாள் வரும்.

எப்போது வாங்குவது என்பதைக் கடைசியாகச் சொல்கிறேன். கடைசிக் கோட் பெயின்ட்டும் தரை பாலிஷும் முடிவதற்கு முன்னால் எதையும் மாட்ட வேண்டாம். பட்டி தேய்த்த தூசி துணியின் நெய்யலுக்குள் போய்விட்டால் வெளியே வராது. விசேஷத்துக்கு முன் படுக்கையறை இரண்டுக்கு மட்டும் மறைப்பு அவசியம், அதைத் துணித் திரையால் முடித்துவிடுங்கள். மற்ற ஜன்னல்களுக்கு பிளைண்ட்ஸ் வாங்காமலே குடிபோங்கள். தையில் சூரியன் தென்மேற்கில் மறையும். அந்த மாத வெயிலை வைத்து மேற்கு அறையை முடிவு செய்தால் தப்பாகும். பங்குனி கடைசியில் ஒரு நாள் நான்கு மணியிலிருந்து ஆறு மணி வரை அந்த அறையில் உட்கார்ந்து, வெயில் தரையில் எதுவரை வருகிறது என்று சாக்பீஸால் கோடு போடுங்கள். அந்தக் கோட்டையும், கிரில் உள்பக்கமா வெளிப்பக்கமா என்பதையும் எழுதினால் அந்த அறைக்கு மட்டும் இன்னும் துல்லியமாகச் சொல்ல முடியும். அதுவரை ஹாலில் தெருவைப் பார்த்த ஜன்னல்களுக்கு உங்கள் அம்மா சொன்ன ஸ்கிரீன் துணியையே தைத்துப் போடுங்கள்.